மஞ்சள் கோடுகளும் ஓர் அடிக்குறிப்பும்

ஹட்டன்

அன்பு மகளுக்கு,

பொங்கலுக்கு வந்தபோது நீ அலுமாரி மேல் விட்டுப்போன கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். 2017இல் எட்டுப் பேர் சேர்ந்து எழுதிய, மொழியைக் கையாளும் கணினி வலையமைப்பு ஒன்றை விளக்கும் டிரான்ஸ்போமர் கட்டுரைதான். நாலு தடவை வாசித்தும் மண்டையில் ஏறவில்லை, இந்தத் துறை எனக்குச் சரிவராது என்று அம்மாவிடம் போனில் அழுதாயாமே. அதைக் கேட்டபிறகு எனக்கு நித்திரை இல்லை. அகராதியை வைத்துக்கொண்டு நானும் உட்கார்ந்தேன்.

பக்கம் முழுக்க மஞ்சள் கோடு. ஓரத்தில் ஒரு கணக்குக்கூட இல்லை. உயர்தரத்துக்குப் படிக்கும்போது கொப்பியில் செய்து பார்க்காமல் நீ எதையும் தாண்டியதில்லையே அம்மா!

ஒரு சொல் மற்றச் சொற்களில் எதை எவ்வளவு கவனிக்க வேண்டும் என்று கணிக்க, தேடும் சொல்லுக்குக் குவெரி, பார்க்கப்படும் சொல்லுக்குக் கீ என்று இரண்டு காவிகள், அதாவது 64 எண் கொண்ட வரிசைகள். அவற்றை நேருக்கு நேர் பெருக்கிக் கூட்டும் புள்ளிப் பெருக்கத்தை எடுத்து, 64இன் வர்க்கமூலமான 8ஆல் வகுக்கச் சொல்கிறார்கள். ஏன் 8? நீ கோடு போடாமல் விட்ட அடிக்குறிப்பில் அது இருக்கிறது. காவியின் ஒவ்வொரு கூறுக்கும் இடை (சராசரி) 0, மாறற்றிறன் (நியம விலகலின் வர்க்கம்) 1, ஒன்றையொன்று சாராதவை என்று வை. 64 பெருக்கங்களைக் கூட்டினால் மாறற்றிறன் 64, நியம விலகல் 8. உனக்கு நான் குசினி மேசையில் சொல்லித்தந்த அதே புள்ளிவிபரவியல்தான்.

அப்புறம் எண் போட்டுப் பார்த்தேன். இரண்டு சொற்களுக்கு 16, 8 என்று புள்ளி வந்தால், புள்ளிகளை மொத்தம் 1 வரும் பங்குகளாக மாற்றும் சொஃப்ட்மெக்ஸில் அவற்றை வகுக்காமல் போட்டால் 0.9997, 0.0003. ஒரு சொல்லே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறது. 8ஆல் வகுத்தால் 2, 1 ஆகி, பங்கு 0.73, 0.27. இப்போது இரண்டையும் வகையிட்டுப் பார். புள்ளி கொஞ்சம் மாறினால் பங்கு எவ்வளவு மாறும் என்று சொல்லும் படித்திறன், முதலாவதில் கிட்டத்தட்ட 0.0003, மற்றதில் 0.2. படித்திறன் அவ்வளவு சிறுத்துப்போனால் இயந்திரம் எப்படிக் கற்கும்? இந்த ஒரு வரிக்கு எனக்கு மூன்று இரவு போனது. வெட்கப்படவில்லை, சந்தோஷமாக இருந்தது.

நான் லயத்தில் குப்பி லாம்பு வெளிச்சத்தில் தூய கணிதம் படித்தபோது சொல்லித்தர ஆள் இல்லை. இரவல் புத்தகத்தில் ஓர் உதாரணம் விளங்க ஒரு வாரம் ஆகும். அப்படி விளங்கியது இன்றுவரை மறக்கவில்லை. உன்னோடு வேலை செய்கிறவர்கள் ஒரு ராத்திரியில் வாசிக்கட்டும், அதைப் பார்த்து நீ ஓடாதே.

இந்தக் கட்டுரையில் முட்டினால் பின்னால் போ. எந்தச் சொல்லை எவ்வளவு கவனிப்பது என்ற இந்த அட்டென்ஷன் யோசனையை மொழிபெயர்ப்புக்காக 2014இலேயே பாதனாவ், சோ, பெஞ்சியோ மூவரும் எழுதிவிட்டார்கள். அதற்கும் முன்னால் 1986இல் ரூமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் 'நேச்சர்' இதழில், பிழையைப் பின்னோக்கிக் கடத்தி வலையமைப்பைத் திருத்தும் பின்பரவல் பற்றி எழுதிய கட்டுரை நாலே பக்கம். உனக்குத் தெரிந்த சங்கிலி விதிதான் அதன் உயிர். முதலில் அதைக் கையால் செய்.

கட்டுரையைத் தபாலில் அனுப்புகிறேன், ஓரத்தில் என் பென்சில் கணக்கு இருக்கும். அம்மா தேயிலைத்தூளும் வைத்திருக்கிறாள். 512ஐ எட்டுத் தலைகளுக்கு, அதாவது தனித்தனியே கவனிக்கும் எட்டுப் பகுதிகளுக்கு, பிரித்து 64 ஆக்குகிறார்களே, அந்த இடத்தை நான் இன்னும் செய்யவில்லை. நீ செய்து, கொப்பியைப் போட்டோ எடுத்து ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு.

அப்பா