ஜெபமும் வேண்டும், கணக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிறிஸ்தவக் கல்லூரித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது 'நல்ல விசுவாசியா?' என்ற கேள்வியோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். அப்படி ஒரு கல்லூரியின் கணக்குப் பிரிவில் 26 வருடம் இருந்தவன் நான். தலைவரின் நாள் சிற்றாலய ஆராதனையில் தொடங்கும், சரி. அப்புறம் முழுக்க நன்கொடையாளர்கள், அறங்காவலர் குழு, சம்பளப் பட்டியல், கட்டணம் கட்ட முடியாத மாணவரின் பெற்றோர். எங்கள் தலைவர் ஒருவர் உருக்கமாக ஜெபிப்பார். வரவுசெலவுத் தாளைப் பிரித்தே பார்க்கமாட்டார். விடுதிக்கென்று வந்த நன்கொடை சம்பளத்துக்குப் போனது. கொடுத்தவர் வந்து கேட்டபோது முழித்துக்கொண்டு நின்றது நான்தான்.

அமெரிக்கப் போதகர் ஜொனாதன் எட்வர்ட்ஸை நியூ ஜெர்சி கல்லூரிக்கு (இன்றைய பிரின்ஸ்டன்) தலைவராக அழைத்தபோது, தனக்கு அல்ஜீப்ராவும் உயர்கணிதமும் கிரேக்க இலக்கியமும் போதாது என்று 1757-இல் அறங்காவலர்களுக்கே எழுதினார். அவ்வளவு பெரிய இறையியலாளர்! (பாவம், 1758-இல் பதவியேற்ற சில வாரங்களிலேயே, பெரியம்மைக்குத் தடுப்பு குத்திக்கொண்டதில் இறந்துபோனார்.)

தேர்வுக் குழுவினர் விண்ணப்பதாரரிடம் சாட்சி, அதாவது அவருடைய விசுவாச அனுபவத்தை, கேட்கட்டும். கூடவே ஒரு வருட வரவுசெலவுக் கணக்கைக் கையில் கொடுத்து, விளக்கச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரிக் கணக்காளர்