வாக்ஸஹாச்சி நீதிமன்றம்: ஒரு திருத்தம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து நீ மறுபடியும் காலை நடைக்குப் போகத் தொடங்கியதில் மகிழ்ச்சி. நான் சென்ற மாதம் டெக்சஸ் மாநிலத்தில் டல்லாஸுக்குத் தெற்கே உள்ள வாக்ஸஹாச்சிக்கு இரண்டாம் முறை போய்வந்தேன். அங்குள்ள எல்லிஸ் கவுண்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) நீதிமன்றத்தைப் பற்றி முன்பு எழுதியதில் ஒன்றைத் திருத்தியாக வேண்டும்.

தங்கியிருந்த வீட்டுப் பெண்மேல் காதல்கொண்ட சிற்பி ஒருவர் தூண்களின் போதிகைகளில், அதாவது தலைப்பகுதிகளில், அவள் முகத்தை முதலில் அழகாகவும், அவள் மறுத்தபின் கோரமாகவும் செதுக்கினார் என்று உருகி உருகி எழுதியிருந்தேன். இப்போது அது எனக்கு வெறும் ஊர்க்கதையாகவே படுகிறது. அந்தக் கட்டடம் தழுவிய ரோமனெஸ்க் பாணியில், ஐரோப்பாவின் பழைய தேவாலயங்கள் முதற்கொண்டே, பல்லிளிக்கும் முகங்களைச் செதுக்குவது வழக்கம். அதற்குக் காதல் தோல்வி எதுவும் தேவையில்லை.

உண்மைக் கதை பஞ்சில் தொடங்குகிறது. சுற்றிலும் இருந்த கரிசல் மண்ணில் விளைந்த பருத்தியால் ஊரில் பணம் புழங்கியது. நீதிமன்றம் கட்டக் கடன் பத்திரம் வெளியிடலாம் என்று 1881இல் டெக்சஸ் சட்டம் அனுமதித்திருந்ததால், கவுண்டிகள் ஒன்றையொன்று விஞ்சக் கட்டிக்கொண்டிருந்தன. நம் ஊர்க் கணக்கில் தாலுகா அலுவலகமும் பத்திரப்பதிவும் கோர்ட்டும் ஒரே கூரைக்குள் இருப்பது போன்ற இடம் அங்கே நீதிமன்றம். ஆகவே ஊரின் கௌரவமே அதில்தான். முந்தைய கல் கட்டடத்தை இடித்துவிட்டு, 1895 ஜூலை 4 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 1897இல் வேலை முடிந்தது. செலவு லட்சம் டாலரைத் தாண்டியது. ஒரு சிற்றூருக்கு அது துணிச்சல்தான், கொஞ்சம் வீம்பும்கூட.

பொதுப்பணித் துறையில் காலம் கழித்தவன் நீ என்பதால் உனக்குச் சொல்ல வேண்டியது வேறு. கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் ரைலி கார்டன் வெளித்தோற்றத்துக்குச் செம்மணற்கல்லையும் இளஞ்சிவப்புக் கிரானைட்டையும் கலந்தார். ஆனால் அவருடைய மூளை உள்ளே இருக்கிறது. சிலுவை வடிவத் தரைப்படத்தில், கைகள் சந்திக்கும் உள்மூலைகளில் நிழலான முகப்புகளை வைத்து, நட்டநடுவே மாடிப்படியையும் அதன்மேல் மணிக்கூண்டையும் எழுப்பினார். நிழலில் குளிர்ந்த காற்று மூலைகள் வழியே நுழைய, சூடேறிய காற்று நடுக்கூடத்தின் வழியே புகைபோக்கியில் ஏறுவதைப்போல மேலே போய்விடும். டெக்சஸ் வெயிலுக்கு மின்விசிறி பரவாத நாளில் கண்ட வழி அது. இதை விட்டுவிட்டு முகங்களை அண்ணாந்து பார்த்து நின்ற என் முதல் பயணத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பின்னாளில் இத்தகைய கட்டடங்களைக் காக்க 1999இல் மாநிலம் ஒரு திட்டம் தொடங்கியது. அதன் உதவியோடு இதையும் புதுப்பித்தார்கள்.

படிக்கூடத்தைக் கீழிருந்து எடுத்த படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். அந்த உயரத்துக்குக் காற்று எவ்வளவு இழுக்கும் என்று உன் பழைய வழக்கப்படி கணக்குப் போட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்