செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, போசகர்களே, அங்கத்தவர்களே,

திருகோணமலையில் இயங்கிவரும் எமது இயற்கை ஆர்வலர் சங்கத்தின் 2025ஆம் ஆண்டுக்கான அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். செயற்குழு ஒன்பது தடவை கூடியது. கடற்கரைச் சிரமதானமும் மரநடுகையும் மாணவர் ஓவியப் போட்டியும் வழமைபோல் நடந்தேறின.

வெருகல் ஆற்றை அண்டிய வில்லுகளின், அதாவது வெள்ளம் வடிந்தபின் புல் வளரும் தாழ்வான மேய்ச்சல் நிலங்களின், கண்காணிப்பை முன்மொழிந்தவன் நான் என்பதால், அதைப்பற்றிச் சற்று விரிவாகக் கூறக் கடமைப்பட்டுள்ளேன். செய்மதிப் படங்கள் இருக்க நாம் ஏன் வெயிலில் நிற்க வேண்டும் என்று சென்ற பொதுக்கூட்டத்தில் கேட்கப்பட்டது. செய்மதி பசுமையைக் காட்டும். அது புல்லா புதரா என்பதை நிலத்தில் நிற்பவரே உறுதிசெய்ய வேண்டும். குஜராத்தின் பன்னிப் புல்வெளியில் சீமைக்கருவேல் பரவியபோதும் நிலம் பச்சையாகத்தான் இருந்தது, மேய்ச்சல்தான் சுருங்கியது.

வட அமெரிக்காவில் 1966 முதல் தொண்டர்கள் ஆண்டுக்கொரு முறை, தத்தமக்குரிய, ஏறத்தாழ 39 கிலோமீற்றர் நீளமான மாறாத தடத்தில், 50 இடங்களில் தலா 3 நிமிடம் நின்று, கண்ட பறவையையும் குரல் கேட்ட பறவையையும் பதிந்து வருகிறார்கள். 1970க்குப் பின் அக்கண்டத்தின் புல்வெளிப் பறவைகளில் பாதிக்கு மேல், 70 கோடிக்கும் அதிகமானவை, இல்லாமற்போனதை 2019இல் ஆய்வாளர்கள் கூற முடிந்ததற்கு அந்தப் பதிவுகளே பெரிதும் உதவின.

அதே முறையைச் சிறிய அளவில் பின்பற்றி, பத்துத் தூண்கள் நட்டு, சித்திரை முதல் புரட்டாதி வரை மாதத்தின் முதற் சனிக்கிழமைகளில் புல்லின் உயரம் அளந்து, ஒரே திசையில் படமெடுத்து, பறவைகளை எண்ணினோம். சித்திரையில் நான்காம் தூணடியில் கணுக்காலளவு இளம்புல்லும் ஒரு சோடி ஆட்காட்டியும் இருந்தன. ஆவணியில் அவ்விடத்தை காய்ந்துபோன ஆற்றுவாழை என்னும் நீர்க்களை பாய்போல் மூடியிருந்தது. மாடுகள் அதைச் சுற்றிப் போயின. பட்டிக்காரர் ஒருவர் தடியால் கிளப்பிக் காட்டியபோது, கீழே புல் வெளுத்துக் கிடந்தது.

வருத்தத்துடன் ஒன்றைக் கூற வேண்டியுள்ளது. 38 அங்கத்தவர்களில் ஒருமுறையேனும் களத்துக்கு வந்தவர்கள் 11 பேர். ஆடி மாதத்தில் ஒழுங்குசெய்த வாகனமும் வராமற்போக, பொருளாளரும் நானும் நான்கு தூண்களை மட்டுமே பார்த்தோம். கோயில் திருவிழாக்களும் வீட்டுக் கருமங்களும் அனைவருக்கும் உண்டென்பதை அறிவேன். ஆயினும் பதிவேட்டில் வெறுமையாக நிற்கும் அந்த ஆறு வரிகளை வேறெந்த மாதத்தாலும் நிரப்ப இயலாது. வட அமெரிக்கக் கணக்கெடுப்புக்கும் பெருந்தொற்றினால் 2020 இவ்வாறே வெற்றாண்டாயிற்று.

சந்தா செலுத்தியோர் பாதிக்கும் குறைவு. வரவு செலவு விபரத்தைப் பொருளாளர் முன்வைப்பார். சிறு மீதி உள்ளது. எரிபொருட் செலவில் ஒரு பகுதியை நானே ஏற்றேன், அதைத் திரும்பக் கோரவில்லை. மண்டபம் தந்துதவியோருக்கும், வழிகாட்டிய பட்டிக்காரர்களுக்கும், போசகர்களுக்கும் எமது நன்றி.

2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சற்காரருக்குமான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்துள்ளது. ஒரு தூணுக்கு இருவர் பொறுப்பேற்றால், ஒருவர் வர இயலாத மாதத்திலும் பதிவு தொடரும். அதற்கான பெயர்த்தாள் வாசலடி மேசையில் வைக்கப்பட்டுள்ளது. நான்காம் தூணுக்கு எனது பெயரும் ஐந்தாம் தூணுக்குப் பொருளாளரின் பெயரும் எழுதப்பட்டுள்ளன. மற்றைய எட்டுத் தூண்களுக்கு இன்னும் எவரும் பெயர் தரவில்லை.

செயலாளர்,
திருகோணமலை