டோனி கிரெய்க் குயின்ஸ்டவுன்காரர்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிரிக்கெட் வர்ணனையாளர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை டர்பனிலிருந்து இணையத்தில் வாசித்தேன். டோனி கிரெய்கை 'இங்கிலாந்துக்காரர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். அவர் 1946-இல் பிறந்தது தென்னாப்பிரிக்காவின் குயின்ஸ்டவுனில். தந்தை ஸ்காட்லாந்துக்காரர் என்பதால் இங்கிலாந்துக்கு 58 டெஸ்ட் ஆடினார், தலைமையும் ஏற்றார்.

எங்களுக்கு இது சின்ன விவரம் அல்ல. கிரெய்க் பள்ளியில் மட்டை பிடித்த காலத்தில், என் அப்பா கிங்ஸ்மீட் மைதானத்தில் வெள்ளையர் அல்லாதோருக்கு ஒதுக்கிய மூலையில் நின்றுதான் ஆட்டம் பார்த்தார். யார் தென்னாப்பிரிக்காவை எதிர்த்து ஆட வந்தாலும் அவருடைய கைதட்டல் வந்தவர்களுக்குத்தான். 1976-இல் கறுப்பின வீரர்கள் நிறைந்த மேற்கிந்தியத் தீவுகள் அணியை மண்டியிட வைக்கப்போவதாக இங்கிலாந்துத் தலைவராக இருந்த கிரெய்க் தொலைக்காட்சியில் சொன்னார். இங்கே தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோவில் கறுப்பினப் பள்ளிப் பிள்ளைகளைப் போலீஸ் சுட்ட அதே ஆண்டு அது. இங்கே பிறந்த ஒரு வெள்ளையர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை அப்பாவால் பொறுக்க முடியவில்லை. தொடரை மேற்கிந்தியர் 3-0 என்று வென்றார்கள். லண்டன் ஓவல் டெஸ்டில் மேற்கிந்தியப் பந்துவீச்சாளர் மைக்கேல் ஹோல்டிங் 14 விக்கெட் எடுத்தார். கிரெய்க், மேற்கிந்திய ரசிகர்கள் முன்னால் புல்தரையில் தவழ்ந்து காட்டினார். அப்பா அதை மன்னிப்பாக ஏற்கவில்லை.

பிறகு, தனியாகக் கிரிக்கெட் தொடர் நடத்திய ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி கெர்ரி பேக்கர் பக்கம் போனதால் கிரெய்கின் தலைமை பறிபோனது. சிட்னியில் குடியேறி, ஆஸ்திரேலியாவின் சேனல் நைன் தொலைக்காட்சியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வர்ணனை செய்தார். ஆறரை அடி உயர மனிதர் குனிந்து, ஆடுகளத்தின் வெடிப்பில் சாவியைச் செருகிக் காட்டுவார். அந்தக் குரல் வந்தாலே அப்பா ரிமோட்டை எடுத்து ஒலியை அடைத்துவிடுவார். எங்கள் வீட்டில் படம் மட்டும் ஓடும்.

1998 ஏப்ரல் 22, ஷார்ஜா. மணற்புயல் ஓய்ந்தபின் டெண்டுல்கர் ஆஸ்திரேலியரை விளாசிக்கொண்டிருந்தார். கிரெய்கின் குரல் பந்தோடு சேர்ந்து எகிறியது. ரிமோட் அப்பாவின் மடியில் கிடந்தது. கட்டைவிரல் பொத்தானைத் தொட்டது, அழுத்தவில்லை. 143-இல் டெண்டுல்கர் ஆட்டமிழக்கும்வரை அந்தக் குரலைக் கேட்டபடியே இருந்தோம். "இவன் குயின்ஸ்டவுன்காரன், தெரியுமா?" என்று மட்டும் அப்பா கேட்டார்.

கிரெய்க் 2012 டிசம்பர் 29-இல் சிட்னியில் காலமானார். உங்கள் கட்டுரை ஷார்ஜாவை மட்டும் கொண்டாடுகிறது. அடுத்த முறை அவரைப் பற்றி எழுதும்போது குயின்ஸ்டவுனையும் 1976-ஐயும் சேர்த்து எழுத வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன்