வீரர் அணி மாறினால் ஜெர்சியை மாற்றித் தருவோம் என்ற உறுதியை மீறியது குறித்த புகார்

இர்விங், டெக்சஸ்
3 டிசம்பர் 2025

பெறுநர்:
தலைமை மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மைக்கா பார்சன்ஸ் (11), மார்கஸ் செமியன் (2) ஆகியோரின் ஜெர்சிகளுக்கு 90 நாள் மாற்று உறுதியின்படி மாற்று ஜெர்சி தர மறுத்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். வாடிக்கையாளர்கள் தங்களுக்கு வசதியான எந்த மொழியிலும் எழுதலாம் என்று உங்கள் உதவிப் பக்கத்தில் அறிவித்திருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் நான் அனுப்பிய ஆறு மின்னஞ்சல்களாலும் எந்தத் தீர்வும் கிடைக்கவில்லை என்பதால், சொல்ல வேண்டியதை என் தாய்மொழியில் ஒருமுறை முழுமையாகச் சொல்லிவிடலாம் என்று இதை எழுதுகிறேன். இதையாவது பொறுப்பில் இருக்கும் ஒருவர் கடைசி வரி வரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடந்த ஆகஸ்ட் 9ஆம் தேதி அமெரிக்கக் கால்பந்து அணியான டாலஸ் கவ்பாய்ஸின் பார்சன்ஸ் ஜெர்சியை 189 டாலருக்கு உங்களிடம் வாங்கினேன். அதே மாதம் 28ஆம் தேதி, சீசனின் முதல் ஆட்டத்துக்கு ஒரே வாரம் இருக்கும்போது, அணி அவரை கிரீன் பே பேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டது. வாங்கிய நாளிலிருந்து எண்ணினால் 19 நாள். வாங்கிய 90 நாளுக்குள் வீரர் அணி மாறினால் ஜெர்சியை மாற்றித் தருவோம் என்பது உங்கள் உறுதி. அது எப்படிச் செயல்பட வேண்டும் என்பதை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. மறுநாள் காலையிலேயே கோரிக்கைப் படிவத்தை நிரப்பி அனுப்பினேன். இன்றோடு 96 நாள் ஆகிறது. ஜெர்சி விலைச்சீட்டுகூடக் கிழிக்கப்படாமல், நீங்கள் அனுப்பிய நெகிழி உறையிலேயே என் அலமாரியில் தொங்குகிறது.

செப்டம்பர் 17ஆம் தேதி மாலை உங்கள் சேவை எண்ணை அழைத்தபோது நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 52 நிமிடம் இசையைக் கேட்டுக் காத்திருந்த பிறகு இணைப்பில் வந்த ஊழியர், என் ஆர்டர் விவரத்தைப் பார்த்துவிட்டு, பார்சன்ஸ் தன்னை வேறு அணிக்கு அனுப்பும்படி ஆகஸ்ட் 1ஆம் தேதியே பகிரங்கமாகக் கேட்டுவிட்டார் என்றும், அதற்கு எட்டு நாள் கழித்து நான் வாங்கியிருப்பதால் தெரிந்தே வாங்கியதாகத்தான் கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். அப்படி ஒரு விதி எங்கே இருக்கிறது என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது: "உண்மையான ரசிகராக இருந்தால் செய்தி படித்திருப்பீர்கள். வேண்டுமானால் அணியின் முதலாளியிடம் போய்ப் பணத்தைக் கேளுங்கள்." பதினேழு ஆண்டுகளாக இந்த அணியின் ஒரு ஆட்டத்தையும் தவறவிடாத ஒருவனிடம் சொல்லப்பட்ட வார்த்தை இது. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

செய்தி படித்தேன் ஐயா. படித்ததனால்தான் வாங்கினேன். பார்சன்ஸ் விலகக் கேட்டதற்கு மறுநாள், ஆக்ஸ்னார்ட் பயிற்சி முகாமில் வைத்து, ரசிகர்கள் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொன்னவர் அணியின் உரிமையாளரும் பொது மேலாளருமான ஜெர்ரி ஜோன்ஸ். வீரரின் முகவரைத் தவிர்த்துவிட்டுத் தானே வீரரிடம் நேரில் பேசியிருப்பதாகவும் அவர் கூறிவந்தார். அதற்கு முந்தைய ஆண்டு நடந்ததையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். இதே அணியின் சீடீ லாம் முகாமுக்கே வராமல் இருந்து 2024 ஆகஸ்ட் இறுதியில் புது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். இன்னொரு வீரரான டாக் பிரெஸ்காட்டின் ஒப்பந்தம் முதல் ஆட்டம் நடந்த அன்றுதான் முடிந்தது. கடைசி நாள் வரை இழுத்துவிட்டு, பிறகு கேட்டதைக் கொடுத்துவிடுவது இந்த அணியின் வழக்கம். அந்த வழக்கத்தை நம்பி வாங்கிய ரசிகனை, தெரிந்தே வாங்கியவன் என்று சொல்வது எந்த வகையில் நியாயம்? விற்க மாட்டோம் என்று உரிமையாளரே காட்டிக்கொண்டிருந்த வீரர் போய்விடுவார் என்பதை, ஒரு ஜெர்சி வாங்குபவன் மட்டும் எப்படி முன்கூட்டியே அறிந்திருக்க முடியும்?

அந்த ஊழியர் அதோடு நிற்கவில்லை. இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளும் (புது வீரர்களை முதல் சுற்றிலேயே எடுக்கும் உரிமைகள்) கென்னி கிளார்க் என்ற வீரரும் கிடைத்திருப்பதால் அணிக்கு இது நல்ல வியாபாரம்தான் என்றும், 1989இல் அணியின் நட்சத்திர வீரர் ஹெர்ஷல் வாக்கரைக் கொடுத்துத்தானே கோப்பைகளை வென்றார்கள் என்றும் எனக்கே பாடம் எடுத்தார். என் கோரிக்கைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றாலும், அவரே எடுத்த பேச்சு என்பதால் பதில் சொல்கிறேன். வாக்கரை மினசோட்டாவுக்கு அனுப்பிய ஆண்டில் கவ்பாய்ஸ் ஒரே ஒரு ஆட்டத்தில் வென்று பதினைந்தில் தோற்ற அணி. இழப்பதற்கு அவர்களிடம் எதுவும் இல்லை. அந்த மாற்றத்தில் வந்த தேர்வுகளைப் பயன்படுத்தித்தான் எம்மிட் ஸ்மித்தை எடுத்தார்கள், அவரை வைத்து 1992, 1993, 1995 சீசன்களின் கோப்பைகளை வென்றார்கள். பார்சன்ஸின் நிலை வேறு. 2021இல் 12ஆவது தேர்வாக வந்து, நான்கு சீசன்களில் ஒவ்வொன்றிலும் குறைந்தது 12 சாக் (பந்தை எறிவதற்கு முன்பே எதிரணிக் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) எடுத்து, மொத்தம் 52.5 சாக் கணக்கோடு 26 வயதில் நின்ற வீரர் அவர். ஆட்டத்தை நடத்திப் பந்தை எறியும் அந்தக் குவார்ட்டர்பேக்கை மூச்சுவிட விடாத அப்படிப்பட்ட ஒருவர் ஒரு அணிக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கிடைத்தாலே பெரிது. பேக்கர்ஸ் அவருக்கு நான்கு ஆண்டுகளுக்கு 18.8 கோடி டாலர் கொடுத்தது. அந்தப் பணத்தை டாலஸ் கொடுத்திருக்கலாம். 1995 சீசனுக்குப் பிறகு தங்கள் பிரிவின் இறுதிப் போட்டிக்குக்கூடப் போகாத ஒரு அணி, கையில் இருந்த மிகச் சிறந்த தற்காப்பு வீரரைக் கொடுத்துவிட்டு எதிர்காலத் தேர்வுகளைப் பற்றிப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. செப்டம்பர் 28ஆம் தேதி அதே பார்சன்ஸ் பச்சைச் சட்டையோடு ஆர்லிங்டன் மைதானத்தில் இறங்கினார். ஆட்டம் கூடுதல் நேரம் வரை போய் 40-40 என்று முடிந்தது. 40 புள்ளி எடுத்தும் வெல்ல முடியாத தற்காப்பை வைத்துக்கொண்டு எந்த நல்ல வியாபாரத்தைப் பற்றி உங்கள் ஊழியர் பேசினார்?

அதற்குள் நான் இன்னொரு அலைச்சலையும் பட்டிருந்தேன், அதைச் சொல்ல விட்டுவிட்டேன். செப்டம்பர் முதல் வாரத்தில் உங்கள் அரட்டைச் சேவையில் பேசியவர், பெயரும் எண்ணும் தைத்து வந்த ஜெர்சி என்பதால் இது தனிப்பட்ட ஆர்டர் என்றும், தனிப்பட்ட ஆர்டருக்கு மாற்று கிடையாது என்றும் எழுதினார். பார்சன்ஸ் என்ற பெயரும் 11 என்ற எண்ணும் நான் கேட்டுத் தைத்தவை அல்ல, நீங்கள் எல்லோருக்கும் விற்கும் ஜெர்சியே அதுதான் என்று நான் இருமுறை விளக்கிய பிறகுதான் அந்தக் காரணத்தைக் கைவிட்டார்கள். பிறகு அக்டோபரில், மெஸ்கீட்டில் இருக்கும் உங்கள் கடையில் நேரில் கொடுத்தால் அங்கேயே மாற்றித் தருவார்கள் என்று மின்னஞ்சல் வந்தது. நம்பி அக்டோபர் 11, சனிக்கிழமை புறப்பட்டேன். அன்று ஃபேர் பார்க்கில் டெக்சஸ்–ஓக்லஹோமா ஆட்டம் என்பதை டாலஸில் கடை நடத்தும் நீங்கள் அறியாமல் இருக்க முடியாது. ஐ-30 நெடுஞ்சாலையில் வண்டிகள் அசையவே இல்லை. இரண்டேகால் மணி நேரம் கழித்துக் கடைக்குப் போய்ச் சேர்ந்தால், கல்லாவில் இருந்த பெண் மிகுந்த வருத்தத்தோடு, இணையத்தில் வாங்கியதைக் கடையில் மாற்றும் வசதி தங்கள் கணினியிலேயே இல்லை என்று திரையைத் திருப்பிக் காட்டினார். அவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். என்னை அங்கே அனுப்பியவர்தான் பதில் சொல்ல வேண்டும். அன்று மதியம் என் மகளின் சாஃப்ட்பால் ஆட்டம் இருந்தது. அவள் முதன்முதலாக இரண்டாம் பேஸ் என்னும் தடுப்பிடத்தில் தொடக்கத்திலிருந்து ஆடிய ஆட்டம் அது. அதை நான் பார்க்கவில்லை. அந்த நாளுக்கு நீங்கள் என்ன மாற்றுத் தருவீர்கள்?

இரண்டாவது ஜெர்சி அவளுக்காக வாங்கியதுதான். பேஸ்பால் அணியான டெக்சஸ் ரேஞ்சர்ஸின் செமியன் ஜெர்சியை செப்டம்பர் 6ஆம் தேதி 145 டாலருக்கு வாங்கினேன். முதல் கோரிக்கை நிலுவையில் இருக்கும்போதே மறுபடி உங்களிடம் வாங்கியது, அப்போது உங்கள் மீது எனக்கு நம்பிக்கை இருந்ததால். செமியனும் இரண்டாம் பேஸ் ஆடுபவர் என்பதே அவளுக்கு அவரைப் பிடிக்கக் காரணம். 2023இல் ஒரு ஆட்டமும் விடாமல் 162 ஆட்டங்களிலும் இறங்கி, உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து, ரேஞ்சர்ஸின் முதல் கோப்பையை உறுதி செய்தவர் அவர். அந்த இரவு என் மகள் என் தோளில் உட்கார்ந்து கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. நவம்பர் 23ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அவரை நியூயார்க் மெட்ஸுக்கு அனுப்பிவிட்டு பிராண்டன் நிம்மோவை வாங்குவதாகச் செய்தி வந்தது. எண்ணிப் பாருங்கள், 78ஆவது நாள்.

இந்த விஷயத்தில் ரேஞ்சர்ஸை நான் அவ்வளவாகக் குறை சொல்ல மாட்டேன். செமியனுக்கு வயது 35, ஒப்பந்தம் 2028 வரை இருந்தது, ஆகஸ்டில் பாதத்தில் அடிபட்டு உட்கார்ந்துவிட்டார், அணிக்கு மட்டை வீச்சு தேவைப்பட்டது. மனது வலித்தாலும் காரணம் புரிகிறது. ஆனால் உங்கள் மறுப்புக்குக் காரணம் புரியவில்லை. சீசன் முடிந்த பிறகு நடக்கும் மாற்றத்துக்கு உறுதி பொருந்தாது என்று நவம்பர் 26ஆம் தேதி பதில் அனுப்பினீர்கள். பார்சன்ஸ் மாறியது சீசன் தொடங்குவதற்கு முன், அதற்கும் தரவில்லை. செமியன் மாறியது சீசன் முடிந்த பிறகு, இதற்கும் இல்லை. அப்படியானால் உங்கள் உறுதி எந்த நாளில் செல்லும் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். நான் வாங்கிய நாளில் இருந்த விதிமுறைப் பக்கத்தை அச்சிட்டு வைத்திருக்கிறேன். 90 நாள் என்ற சொல்லைத் தவிர அதில் சீசனைப் பற்றியோ, வீரர் விலகக் கேட்டதைப் பற்றியோ ஒரு சொல்லும் கிடையாது. அந்தப் பக்கத்தின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன்.

நான் கோபக்காரன் அல்ல. உங்களிடம் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்களாகவே இருப்பார்கள் என்பதையும், நூற்றுக்கணக்கான அழைப்புகளை எடுப்பது கடினம் என்பதையும் அறிவேன். ஆகவே மரியாதையோடு கேட்கிறேன். இரண்டு ஜெர்சிகளுக்கும் மாற்று ஜெர்சிகள் வேண்டும். அத்துடன் பெட்ரோல், சுங்கக் கட்டணம், நான் எடுத்த அரை நாள் விடுப்பு, தொலைபேசியில் கழிந்த மணிநேரங்கள், என் குடும்பத்துக்கு ஏற்பட்ட மன உளைச்சல் ஆகியவற்றுக்காக 2,500 டாலர் இழப்பீடும் வேண்டும். 334 டாலர் பொருளுக்கு இது அதிகம் என்று உங்களுக்குத் தோன்றலாம். மூன்று மாதமாக என் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் நிம்மதியாக விடியவில்லை என்பதை வைத்துப் பார்த்தால் இது குறைவு.

பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால், கடன் அட்டை நிறுவனத்தில் தொகையைத் திரும்பப் பெறும் கோரிக்கையைப் பதிவு செய்வேன். டெக்சஸ் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கு எல்லா ஆவணங்களையும் அனுப்புவேன். இந்தக் கடிதத்தையே, ஏமாற்று வணிக நடைமுறைகளுக்கு எதிரான டெக்சஸ் சட்டம் கேட்கும் 60 நாள் முன்னறிவிப்பாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். 20,000 டாலர் வரையிலான வழக்குகளை வழக்கறிஞர் இல்லாமலேயே இங்குள்ள அமைதி நீதிபதி நீதிமன்றத்தில் தொடுக்கலாம். அதற்கான படிவத்தை ஏற்கெனவே எடுத்து வைத்துவிட்டேன். அந்த நிலைக்குப் போக வேண்டாம் என்றுதான் இன்னும் விரும்புகிறேன்.

மாற்று ஜெர்சி அனுப்பும்போது எனக்கு எந்த வீரருடையதாக இருந்தாலும் சரி. மகளுக்கு ரேஞ்சர்ஸ் வீரர் கோரி சீகரின் 5ஆம் எண், சிறுவர் நடுத்தர அளவு வேண்டும். அவள் பிறந்தநாள் ஜனவரி 10ஆம் தேதி வருகிறது. அதற்குள் வந்துவிட்டால் நல்லது.

செப்டம்பர் 17ஆம் தேதி மாலை அழைப்பின் ஒலிப்பதிவு உங்களிடம் இருக்கிறது. பயிற்சிக்காக எல்லா அழைப்புகளையும் பதிவு செய்வதாக நீங்களே அழைப்பின் தொடக்கத்தில் சொல்கிறீர்கள். பதில் எழுதுவதற்கு முன் அதை நீங்கள் நேரில் கேட்க வேண்டும். உண்மையான ரசிகனா என்று என்னிடம் கேட்ட அந்த ஊழியர் எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஜெர்சிகளைத் தந்தாலும் இந்தக் கோரிக்கையை நான் விடப்போவதில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: இரண்டு ரசீதுகளின் நகல்கள், விதிமுறைப் பக்கத்தின் அச்சு, ஆறு மின்னஞ்சல்கள், அக்டோபர் 11ஆம் தேதி சுங்கக் கட்டண ரசீது.