ரெண்டு நடை விறகு

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. உடனே பதில் போட முடியாமல் போனதற்குக் காரணம், என் உள்ளங்கை. இரண்டிலும் கொப்புளம். விறகு வெட்டப் போனேன் என்றால் நீ நம்ப மாட்டாய்.

பேத்திக்குக் கார்த்திகையில் காதுகுத்து வைத்திருக்கிறோம். முந்நூறு பேருக்காவது சமைக்க வேண்டும். வீட்டில் கேஸ் இருந்தென்ன, அண்டாவில் கறி வேக விறகுதான் சரி என்று அம்மா ஒரு மாதமாகப் பாட்டு. ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் நம் கரிசலில் வண்டி இறங்காது என்பது உனக்குத் தெரியாததா? அதனால் புரட்டாசி கடைசி ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டோம். கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் காடாக நிற்கிறது. ஆனால் அதை ஏலம் எடுத்தவர்தான் வெட்ட முடியும். எனவே நம் மேற்குத் தரிசுக்குப் போனோம். அப்பா கடைசியாக மிளகாய் போட்ட இடம். இப்போது உள்ளே ஆள் நுழைய முடியாத அளவுக்குச் சீமைக்கருவேலம்.

நானும் தம்பியும் மருமகனும் போனால் போதும் என்றிருந்தேன். வண்டி சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டு மதினி, அவள் மகன், எதிர்வீட்டுச் சின்னம்மா என்று ஆளாளுக்கு அரிவாளோடு வந்து ஏறிக்கொண்டார்கள். வண்டி, மதினி மகன் தவணையில் வாங்கிய குட்டியானை. டீசல் என் செலவு, விறகு மூன்று வீட்டுக்கும் பங்கு என்று பேச்சு.

மருமகன் மரம் அறுக்கும் மெஷினை வாடகைக்குப் பிடித்து வந்திருந்தான். அறுப்பதெல்லாம் நொடியில் முடிந்துவிடுகிறது. முள் கழிப்பதுதான் வேலை. அதற்கு இன்னும் அதே கவைக்கம்பும் அரிவாளும்தான். கிளையைக் கவையால் அமுக்கிப் பிடித்து, முள்ளைச் சீவித் தள்ளி, கட்டையைத் தனியாக இழுத்துப் போட வேண்டும். அந்த லாவகம் எனக்கு விட்டுப் போய்விட்டது. சின்னம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். நான் ஒரு கிளை கழிப்பதற்குள் அவள் மூன்று கழித்தாள். "கணக்கு எழுதுற கை, அப்படித்தான் இருக்கும்" என்று கேலி வேறு. மருமகனுக்குக் குதிகாலில் முள் ஏறி உள்ளேயே முறிந்துவிட்டது. எருக்கம்பால் வைக்கச் சொன்னோம். அவன் ஊசி போடப் போய்விட்டான். கெட்டிக்காரன்.

மதியம் பழைய சோறும் சுட்ட கருவாடும். சாப்பிடும்போது வழக்கமான சண்டை: இந்த மரத்தைக் காமராஜர் காலத்தில் தூவினார்கள் என்று தம்பி, வெள்ளைக்காரன் காலத்திலேயே வந்துவிட்டது என்று நான். (நான் சொன்னதுதான் சரி. அவன் ஒப்புக்கொள்ளவில்லை.) யார் கொண்டுவந்தால் என்ன, ஊர் முழுக்கப் பரப்பியது நம் ஆடுகள்தானே. நெற்றைத் தின்று, விதையைப் புழுக்கையோடு போட்டுக்கொண்டே போகின்றன. 2017-ல் நீதிமன்ற உத்தரவு வந்து ஊரே வெட்டியதே, நினைவிருக்கிறதா? தூரோடு பிடுங்காத இடமெல்லாம் மறுபடி தழைத்து இப்போது விறகுக்கு ஆகிவிட்டது. நிலத்தைக் கெடுத்த மரம் என்று திட்டிக்கொண்டே வருஷா வருஷம் அதில்தான் சோறு பொங்குகிறோம். பச்சையாக வைத்தாலும் எரிகிற விறகு வேறு எது?

அடியில் தூர்க்கட்டை, மேலே நடுத்தரம், உச்சியில் சுள்ளி என்று அடுக்கிக் கயிறு போட்டோம். முக்கால் டன் வண்டியில் அதற்கு மேலேயே ஏற்றியிருப்போம். முன்சக்கரம் தரையைத் தொட யோசித்தது. வரப்பு தாண்டும்போதே பின்டயரில் முள் ஏறிவிட்டது. ஏற்றிய பாரத்தில் பாதியை இறக்கி, டயர் மாற்றி, திரும்ப ஏற்றினோம். கொப்புளம் அதில் வந்ததுதான்.

ரெண்டு நடை அடித்தோம். முதல் நடை போகும்போது பின்னால் பைக்கில் போனேன். நீயும் நானும் பள்ளிக்கூட லீவில் சைக்கிளில் கட்டை கட்டி, பரமக்குடி விறகுக் கடைக்கு மிதித்த ரோடுதான் அது. எதிர்காற்றில் இறங்கித் தள்ளுவோமே, அந்தப் பாலம் வந்ததும் எனக்குக் கால் தன்னால் வலித்தது. நாம் பத்து நாள் மிதித்த பாரம் ஒரே நடையில் போகிறது. கடைக்காரர் ஈரக்கட்டை என்று எடையில் கழித்தபோது நீ அழுதாய். இல்லை, அழுதது நான்தான் என்று நீ எழுதுவாய்.

விறகை மாட்டுக் கொட்டகையில் அடுக்கிவிட்டோம். மாடு இல்லாமல் ஆறு வருஷமாகச் சும்மா கிடந்த கொட்டகை. அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து, பட்டை மேலே, வெட்டுவாய் வெளியே என்று ஒவ்வொரு கட்டைக்கும் உத்தரவு போட்டாள். எல்லாம் முடிந்ததும் மூன்று பெரிய தூரை ஓரமாக ஒதுக்கச் சொன்னாள். எதற்கு என்று கேட்டேன். "நான் போற நேரத்துல உனக்கெதுக்கு அலைச்சல், மழைக்காலம்" என்றாள். சின்னம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் அந்தத் தூர்களைத் தூக்கிக் காதுகுத்து விறகோடு சேர்த்துவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் பழைய இடத்திலேயே கிடக்கின்றன. எண்பது வயதில் யாரை வைத்து நகர்த்தினாள் என்று தெரியவில்லை.

காதுகுத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே குடும்பத்தோடு வந்துவிடு. அடுப்படிக்கு ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
உன் பங்காளி