பா... மா... : அக்காவுக்கு ஒரு கடிதம்

அக்கா,

வீடு விஷயம் உனக்கே தெரியும். யாரு என்ன சொன்னா, யாரு கையெழுத்து போட்டாங்கறதெல்லாம் இங்க எழுத மாட்டேன், சித்தப்பா வீட்டுப் பசங்க மொதக்கொண்டு இதைப் படிக்கறாங்க. சொல்ல வந்தது வேற. மேல் ரூம் அலமாரியை ஒழிச்சப்ப உன் பேய் நாவல் கிடைச்சுது. அதே தான், பழைய மியூசிக் ஸ்கூல், ராத்திரியில தானா கேக்குற பியானோ, அட்டையில பாதி மூஞ்சி மட்டும் தெரியற பொண்ணு. குன்னூர்ல ஐப்பசி கார்த்திகை மழை தான பெருசு, அந்த ஈரத்துல பக்கமெல்லாம் பழுப்புப் புள்ளி விழுந்து, ஓரத்தை வெள்ளிப்பூச்சி அரிச்சு வச்சிருக்கு. அப்படியே தரையில உக்காந்து படிச்சேன், வர்க்கியும் டீயும் தான் சாப்பாடு.

சும்மா சொல்லக்கூடாது, செம்ம புக்கு. 15, 16 வயசுப் பசங்களுக்கு எழுதினது, நடுவுல அந்தக் காதல் இழுவை தான், கொலை பண்ணது யாருன்னும் பாதியிலயே தெரிஞ்சுடுது, ஆனா பயம் காட்டுற விதம் இருக்கே! பேய் ஒரு இடத்துலயும் முழுசா வராது, சத்தம் மட்டும் தான், ஒவ்வொரு தடவையும் ஒரு சுரம் கூடும். கண்ணை மூடிக்கலாம், காதை என்ன பண்றது.

ஆனா நீ எனக்கு சொன்ன கதை இது இல்லையே அக்கா.

ஸ்கூல் ஹால்ல அந்தப் பெடல் ஆர்கன், சாயந்திரம் ஆனா மேட்டுப்பாளையம் பக்கத்துலருந்து ஏறுற மேகம் ஜன்னல் வழியா உள்ளயே வந்துடும், நீ ஒரு பக்கம் படிப்ப, தமிழ்ல சொல்லுவ, நான் பெஞ்சுல காலை மடக்கி உக்காந்திருப்பேன். பேய் பாட்டு எப்படி இருக்கும்னு கேட்டேன். ரெண்டே கட்டையை அழுத்தின. ப, ம. "உன்னைத்தான்டி கூப்பிடுது, கேளு, பா... மா..." சொல்லிட்டு கையை எடுத்து எழுந்துட்ட, ஆனா ம நிக்கல. கட்டை ஈரத்துல ஊறி உள்ளயே மாட்டிக்கிச்சு, துருத்தியில மிச்சம் இருந்த காத்து தீர்ற வரைக்கும் அந்த ஒத்தை சுரம் இழுத்து இழுத்து, மாடு முனகற மாதிரி இறங்கி நின்னுச்சு. உன் மூஞ்சி வெளுத்ததை நான் பாத்தேன். அடுத்த நிமிஷமே சிரிச்ச. அதுக்கப்புறம் வருஷக்கணக்கா, லைட்டை அணைச்சதும் பக்கத்துக் கட்டில்லருந்து பா... மா...

புக்குல அந்தப் பொண்ணு யாரையும் கூப்பிடல. தன் பேரைத்தான் வாசிக்கிறா. இங்கிலீஷ்ல சுரத்துக்கு ஏ-லருந்து ஜி வரைக்கும் எழுத்து தான பேரு, ஜெர்மன்காரங்க எச்சும் வச்சிருக்கறதால தான் பாக்னு (B-A-C-H) அந்த ஊர் இசையமைப்பாளர் தன் பேரோட நாலு எழுத்தையும் அப்படியே சுரமா போட்டுட்டாரு, அதே வித்தை தான் இதுல க்ளூ. அவளை வேற பேர்ல புதைச்சுட்டாங்க, அதான் ராத்திரி ராத்திரி ஒவ்வொரு எழுத்தா சொல்லிக்கிட்டிருக்கா. நீ அந்த க்ளூவைப் புரிஞ்சுக்கிட்டு, அதை சரிகமபவுக்கு மாத்தி, என் பேரைப் போட்டிருக்க! பன்னண்டாவது கூட முடிக்காத பொண்ணு. நினைச்சா எனக்கு அவ்வளவு கர்வமா இருக்கு.

எரிச்சலாவும் இருக்கு. பாமாவுக்குப் பாட்டு வராதுன்னு இன்னிக்கும் வீட்ல சொல்றாங்க. ஆஹிரி ராகத்தைக் காலைல பாடினா அன்னிக்கு சோறு கிடைக்காதுன்னு பாட்டு டீச்சர் பயம் காட்டுவாங்க, அதெல்லாம் எனக்கு ஒண்ணுமே இல்ல, ஆனா மொத மொதல்ல கத்துக்கற சரளி வரிசையிலயே இறங்கும்போது ச நி த ப ம வந்துடுமே, எங்க போயி தப்பிக்கறது? தாத்தா சொல்லுவாரே, நம்ம நீலகிரிப் பழங்குடி கோத்தருங்க சாவுக்கு வாசிக்கிற மெட்டை தனியா வச்சிருப்பாங்க, சாமிக்கு வாசிக்கிறதோட கலக்க மாட்டாங்கன்னு. விவரமானவங்க. நீ அதைக் கொண்டு வந்து என் தூக்கத்துல கலந்துட்ட.

அப்பா காரியத்தன்னிக்கு நான் பேசினதுக்கு சாரி. முழு சாரி இல்ல, அத்தனை பேர் முன்னாடி நீ அந்தப் பேச்சை எடுத்திருக்கவே கூடாது, எனக்கு மட்டும் வாய் இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க, மொதல்ல ஆரம்பிச்சது யாரு, சரி விடு, இதுவும் இங்க வேண்டாம். நீ கல்யாணமாகிப் போன பிறகு பக்கத்துக் கட்டில்ல சத்தமில்லாம எனக்குத் தூக்கமே வரலங்கறதை யார்கிட்டயும் சொன்னதில்ல. இப்ப ஊருக்கே சொல்லியாச்சு.

புக்கை உனக்கு கூரியர் பண்ணலாம்னு தான் இருந்தேன். மனசு வரல. மொதப் பக்கத்துல அப்பா உன் பேரைத்தான் எழுதியிருக்காரு, பாத்தேன், இருந்தாலும் தர மாட்டேன். ஆர்மோனியம், அம்மாவோட தையல் மெஷின், பித்தளை அண்டா, வேற எது வேணுமோ எடுத்துக்கோ, ஒரு வார்த்தை கேக்க மாட்டேன், சித்தப்பா வீட்ல எல்லாரும் படிக்கறாங்கல்ல, அவங்களே சாட்சி.

பாமா